மேயரின் சங்கிலியும் இரட்டை நகரமும்

வண்ணார்பண்ணையில் என் சின்னம்மா வீட்டு விறாந்தைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. லண்டனில் இருக்கும் தம்பி பிரித்தானியக் குடியுரிமைச் சான்றிதழைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். பக்கத்தில் சிவப்பு அங்கியும் கழுத்தில் கனத்த சங்கிலியுமாக ஒருவர். "உவர்தான் அங்கத்தை மேயராம். உந்தச் சங்கிலி முழுக்கத் தங்கமோ ராசா?" என்று சின்னம்மா என்னிடம் ஒருமுறை கேட்டார். அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமாக இருந்தது. "எங்கடை மேயரும் அவரும் ஒரே வேலையே செய்யினம்?"

இல்லை என்பதுதான் பதில். ஆனால் ஏன் இல்லை என்று விளக்கப்போனால் இரண்டு நாடுகளின் உள்ளூராட்சியையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணம் ஒரு லண்டன் நகரத்தோடு இரட்டை நகர உடன்படிக்கை செய்துகொண்டது என்ற செய்தியை நாம் எல்லோரும் ஒருகாலத்தில் வாசித்தோம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்பதற்கும் இந்த விளக்கம் வேண்டும்.

அந்த நகரம் கிங்ஸ்ரன் அப்பொன் தேம்ஸ். தென்மேற்கு லண்டனில் இருக்கிறது. நியூ மோல்டன், ரொல்வேர்த் என்று எங்கள் ஆட்கள் பேச்சுவாக்கில் சொல்லும் இடங்கள் அதற்குள்தான் அடங்குகின்றன. பத்தாம் நூற்றாண்டில் சக்சன் மன்னர்கள் முடிசூடிய ஊர் என்ற பெருமை அதற்கு உண்டு. அந்தக் கல்லை இன்னமும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 168,000 பேர் வாழ்கிறார்கள். 48 உறுப்பினர்கள் கொண்ட சபை. அந்த உறுப்பினர்கள் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தெரிவுசெய்கிறார்கள். ஒரு வருடம்தான். தமிழர்களும் அந்தச் சங்கிலியை அணிந்திருக்கிறார்கள்.

அந்த மேயர் சபைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் அறுதியிடும் வாக்கு அவருடையது. பாடசாலை விழா, முதியோர் இல்லம், போர்வீரர் நினைவு நாள், குடியுரிமை வழங்கும் வைபவம் என்று நகரின் முதற் குடிமகனாகப் போய் நிற்பார். தான் தெரிவுசெய்த தொண்டு அமைப்புகளுக்கு அந்த வருடம் முழுவதும் நிதி சேர்ப்பார். ஆனால் குப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது, வரி எவ்வளவு, எந்த நிலத்தில் எதைக் கட்டுவது என்பதெல்லாம் அவர் கையில் இல்லை. அவை சபையின் அரசியல் தலைவரிடமும் குழுக்களிடமும் இருக்கின்றன. லண்டனில் ஹக்னி, நியூஹாம், லூயிஷம், ரவர் ஹம்லெற்ஸ், குறொய்டன் ஆகிய ஐந்து நகரங்களில் மட்டும்தான் மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்யும், அதிகாரமுள்ள மேயர்கள் இருக்கிறார்கள். முழு லண்டனுக்கும் உள்ள மேயர் இவர்கள் எல்லோரிலும் வேறான ஒருவர். இவர்களையெல்லாம் 'லண்டன் மேயர்' என்று ஒரே பெயரில் எழுதுவது எங்கள் செய்திகளில் அடிக்கடி நடக்கும் பிழை.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. யாழ் நகரம் மாநகர சபையானது 1949இல். 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி முதல்வர் என்பவர் வெறும் அலங்காரம் அல்ல. சபையின் நிறைவேற்றுத் தலைவரும் அவரே. நாளாந்த நிர்வாகத்தை ஆணையாளர் பார்த்தாலும், பாதீட்டைத் தயாரித்துச் சபையில் நிறைவேற்றவேண்டிய பொறுப்பு முதல்வருடையது. அது இரண்டு தடவை தோற்றால் அவர் பதவி போய்விடும். 2020 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் ஆட்சி மாறியது. சின்னம்மா கட்டும் சோலைவரி, வடிகால், தெருவிளக்கு, சந்தைக் கடைகள், தீயணைப்பு வண்டி, கல்லுண்டாயில் கொட்டப்படும் குப்பை, பொது நூலகம் எல்லாம் இந்தச் சபையின் பொறுப்பு.

சடங்குக் கடமையும் இல்லாமலில்லை. நல்லூர்க் கந்தன் மகோற்சவத்துக்கு முன்னர் ஆலயத்திலிருந்து மாநகர சபைக்குக் காளாஞ்சி கொண்டுபோய்க் கையளிப்பது வழக்கம். 25 நாளும் வீதி மறிப்பது, தண்ணீர் வைப்பது, கடைகளுக்கு இடம் பிரித்துக் கொடுப்பது என்று சபை வேலை செய்யும். கிங்ஸ்ரன் மேயரின் சங்கிலிக்கு நிகராக எங்களிடம் ஏதும் உண்டென்றால், அது அந்தக் காளாஞ்சித் தட்டம்தான் என்பேன்.

ஆனால் எங்கள் ஊரில் அந்தக் கதிரையில் இருந்தவர்கள் கொடுத்த விலையை கிங்ஸ்ரனில் யாரும் கொடுத்ததில்லை. அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தின் முதல் பெண் முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன் பதவியேற்றுச் சில மாதங்களில், 1998 மே 17இல், தன் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன் சிவபாலன் அதே ஆண்டு செப்ரெம்பர் 11இல், நல்லூரில் மாநகர சபை அலுவலகத்தில் படை, பொலிஸ் அதிகாரிகளோடு கூட்டத்தில் இருந்தபோது குண்டு வெடித்து இறந்தார். ஒரே வருடத்தில் இரண்டு முதல்வர்கள். 2003 பெப்ரவரியில், எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டப்பட்ட நூலகத்தைத் திறந்துவைப்பது என்ற, வேறு ஊரில் நாடா வெட்டி முடிகிற ஒரு காரியம்கூடத் தடைப்பட்டு, முதல்வரும் உறுப்பினர்களும் பதவி விலகுவதில் போய் நின்றது.

போர் முடிந்த பிறகும் அந்த நிழல் போகவில்லை. 2021 ஏப்ரலில், வீதியில் குப்பை போடுவதையும் துப்புவதையும் தடுக்க ஐந்து மாநகர ஊழியர்களுக்குச் சீருடை கொடுத்தார் அப்போதைய முதல்வர் வி. மணிவண்ணன். சீருடையின் நீல நிறம் விடுதலைப் புலிகளின் காவல்துறையை நினைவூட்டுகிறது என்று சொல்லி, பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினர் அவரைக் கைதுசெய்தார்கள். பின்னர் பிணை கிடைத்தது. கொழும்பு மாநகர சபையிலும் அப்படிச் சீருடைப் பணியாளர்கள் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். குப்பைக்குத் தண்டம் விதிப்பதில்கூட ஒரு யாழ் மேயருக்கு எல்லை எங்கே என்று அன்று தெரிந்தது.

இப்போது இரட்டை நகரங்களுக்கு வருகிறேன். இது விருந்துக்கும் படம் எடுப்பதற்குமான ஏற்பாடு என்ற எண்ணம் பலருக்கு உண்டு. பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் தொடக்கம் அப்படியல்ல. அது குண்டு விழுந்த ஊர்களில் தொடங்கியது.

1940 நவம்பர் 14ஆம் திகதி இரவு இங்கிலாந்தின் கொவென்றி நகரம் ஜேர்மன் விமானங்களால் தாக்கப்பட்டது. 500 பேருக்கு மேல் இறந்தார்கள். நகரின் பேராலயம் எரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்ராலின்கிராட் முற்றுகைச் செய்தி வந்தபோது, கொவென்றியின் 830 பெண்கள் தங்கள் பெயர்களை ஒரு மேசை விரிப்பில் தைத்து அந்த ஊருக்கு அனுப்பினார்கள். பெயருக்கு ஆறு பென்சும் சேர்த்தார்கள். 1944இல் இரு நகரங்களும் இணைந்தன. அதே கொவென்றி 1959இல் டிரெஸ்டனோடும் இணைந்தது. டிரெஸ்டன் பிரித்தானிய, அமெரிக்க விமானங்களால் எரிக்கப்பட்ட ஜேர்மன் நகரம். குண்டு வாங்கிய ஊர், தன் நாடு குண்டு போட்ட ஊரோடு கைகோத்தது. இப்படியான உறவு என்றென்றைக்கும் நிற்கும் என்றுமில்லை: ஸ்ராலின்கிராட் இன்று வொல்கோகிராட், 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின் கொவென்றி அந்த உறவை இடைநிறுத்தி வைத்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் றெடிங் நகரம். 1946-47இல் அங்கே மேயராக இருந்தவர் ஃபீபி கஸ்டன் என்ற பெண்மணி. டுசெல்டோர்வ் என்ற ஜேர்மன் நகரம் அப்போது இடிபாட்டுக்குள் பட்டினி கிடந்தது. அவர் அங்கே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து ஆறு ஜேர்மன் பிள்ளைகளை றெடிங்குக்கு அழைத்து, உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கவைத்தார். போர் முடிந்து இரண்டே வருடம்; எதிரி நாட்டுப் பிள்ளைகள். அன்றைக்கு அதற்கு உடன்படிக்கை எதுவும் எழுதவில்லை. முறைப்படி இரட்டை நகரமாக்கியது 1988இல்தான். முதலில் வேலை, 41 வருடம் கழித்துக் கையெழுத்து.

எங்கள் விடயத்தில் கையெழுத்து முதலில் வந்தது. 2016 ஒக்ரோபரில், அப்போதைய வடமாகாண முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன் லண்டன் சென்று கிங்ஸ்ரனோடு உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். ஜேர்மனியின் ஒல்டன்பேர்க்கையும், தென்கொரியத் தலைநகர் சியோலின் குவானக் பகுதியையும் அடுத்து யாழ்ப்பாணமும் கிங்ஸ்ரனின் உறவு நகரப் பட்டியலில் சேர்ந்தது. நியூ மோல்டனில் கொரியர்களும் தமிழர்களும் ஒரே கடைத்தெருவில் வாழ்வதை நினைத்தால் அந்தப் பட்டியலின் காரணம் விளங்கும். 2017 தொடக்கத்தில் கனடாவின் மார்க்கம் நகரமும் முல்லைத்தீவோடு நட்புறவு ஒப்பந்தம் செய்தது.

நகரத்துக்கும் நகரத்துக்குமான உடன்படிக்கையில் யாழ் மேயர் ஏன் ஒப்பமிடவில்லை? அன்றைக்கு யாழ்ப்பாணத்துக்கு மேயரே இல்லை. 2009இல் தெரிவான சபையின் காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல், ஆணையாளரின் நிர்வாகத்தில் நகரம் இருந்தது. 2018 பெப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. சபை வந்த அதே ஆண்டு ஒக்ரோபரில், ஒப்பமிட்ட மாகாண சபையின் காலம் முடிந்தது. அதன்பின் மாகாண சபைத் தேர்தல் வைக்கப்படவேயில்லை. 2023 மார்ச்சில் மாநகர சபையின் காலமும் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போய், 2025 மே 6இல் நடந்தது. ஜூனில் தெரிவான முதல்வரும் ஒரு பெண்ணே. இந்த இடைவெளிகள் முழுவதிலும் கிங்ஸ்ரனில் மே மாதத்துக்கு மே மாதம் சங்கிலி ஒழுங்காகக் கை மாறிக்கொண்டிருந்தது. கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்கவே ஆளில்லாதபோது உடன்படிக்கை தூங்கியது என்று அந்தப் பக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இரட்டை நகர உடன்படிக்கை நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தம் போன்றதல்ல. அதைக் காட்டி எவரும் நீதிமன்றம் போக முடியாது. அதற்குள் தானாக வரும் பணமும் இல்லை. ஆட்கள் போய்வந்தால்தான் உயிர். ஆகவே மேயரின் வெளிநாட்டுப் பயணத்தை எடுத்த எடுப்பில் வீண் செலவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யார் கூடப் போனார்கள், எதைப் பார்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி. மண்டபத்தில் பொன்னாடை, ஒரு கோயில், ஒரு விருந்து, படம் என்று முடிகிற பயணத்தை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். குப்பையைத் தரம்பிரிக்கும் இடத்துக்குப் பொறியியலாளர் ஒருவரையும், நூலகத்துக்கு நூலகர் ஒருவரையும் கூட்டிப் போனால் மேயர் பேச்சைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. 1981இல் எரிந்த 97,000 நூல்களில் எவற்றின் பிரதிகள் பிரித்தானிய நூலகங்களில் இருக்கின்றன, எவற்றை மின்பிரதியாகப் பெறலாம் என்று தேடுவது ஒரு வருட வேலைக்குப் போதும்.

அந்தப் பக்கத்து மேயர்களால் ஆகக்கூடியவையும் உண்டு. ஆனால் அவை அவர்கள் நகர எல்லைக்குள் அடங்கியவை. 2021 ஜனவரியில் யாழ் பல்கலைக்கழக நினைவுத்தூபி இடிக்கப்பட்டதும், கனடாவின் பிரம்ரன் நகர சபை தன் நகரில் தமிழின அழிப்பு நினைவுச் சின்னம் ஒன்றை அமைக்கத் தீர்மானித்தது. 2025 மே மாதத்தில் அது திறக்கப்பட்டது. இலங்கை அரசு எதிர்த்தது. ஆனால் பூங்கா நகர சபையின் நிலம். அதில் எதை வைப்பது என்பது சபையின் தீர்மானம். ஐ.நா.வில் பேசுவது போன்ற விடயமல்ல இது. பூங்கா பராமரிக்கும் அதே அதிகாரம்தான்.

எங்கள் சபைகளின் தலைவர்களோ உறுப்பினர்களோ வெளிநாடு போய்வந்தால், பயணத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள், சபைக்கு அறிக்கை சமர்ப்பித்தார்களா, என்ன இணக்கம் கண்டார்கள் என்று கேட்க வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வோர் உள்ளூராட்சி மன்றத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கவேண்டும். தமிழில் எழுதிக் கொடுக்கலாம்; காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். ஒரு நிபந்தனை: கேட்பவர் இலங்கைக் குடிமகனாக இருக்கவேண்டும். இரட்டைக் குடியுரிமை எடுக்காத என் தம்பியால் லண்டனில் இருந்துகொண்டு கேட்க முடியாது. சோலைவரி கட்டும் சின்னம்மாவால் முடியும். விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.