லா பால்மா: பைன் மரமும் ஒரு பழைய பாதையும்

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையைத் தாண்டி அட்லாண்டிக் கடலில், ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகள் இருக்கின்றன. அதில் ஒன்று லா பால்மா. முழுக்க முழுக்க எரிமலை உண்டாக்கிய தீவு. மலைநடைப் பிரியர்கள் 'ஜி.ஆர். 130' என்ற பாதையில் இந்தத் தீவையே ஒரு சுற்று சுற்றி வருகிறார்கள். சுமார் 160 கிலோமீட்டர்!

ஆனால் இதன் பெரும்பகுதி டூரிஸ்டுகளுக்காகப் போட்டதல்ல. பழைய பெயர் 'காமினோ ரியல்', அதாவது அரச பாதை. தார்ச்சாலை வருவதற்கு முன் ஊருக்கு ஊர் ஆளும் சரக்கும் போனது இதில்தான்.

காமர்ஸ் படிக்கிறவன் அடுத்து என்ன கேட்பான்? "என்ன சரக்கு?" என்றுதானே!

1493-ல் காஸ்டில் படை தீவைப் பிடித்தது. அதன்பின் கரும்பு வந்தது, மால்வசியா ஒயின் வந்தது. இந்த வியாபாரத்துக்கெல்லாம் தோள் கொடுத்தது காடு. சர்க்கரைப் பாகு காய்ச்ச விறகு. கப்பல் பலகை இடுக்குகளை அடைக்க, பைன் கட்டையைச் சூளையில் வாட்டி எடுத்த கீல். வயிரம் பாய்ந்த பைன் கட்டைக்கு அங்கே 'தேயா' என்று பெயர். வீட்டு உத்தரம், பால்கனி, ஒயின் பீப்பாய் எல்லாம் அதில்தான். தீவின் வடக்கே இன்றும் பிசின் வாசத்தோடு 'தேயா ஒயின்' கிடைக்கிறது.

இதெல்லாம் வரவு. செலவுப் பக்கத்தில் யாரும் எழுதாத ஒன்று உண்டு: தண்ணீர். கடற்காற்று கொண்டுவரும் மேகத்தைப் பைன் ஊசியிலைகள் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகின்றன. வெட்டிய மரத்துக்கு விலை கிடைத்தது. நிற்கிற மரத்துக்கு யார் விலை போட்டார்கள்? நடுவிலுள்ள தபுரியெந்தே பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனதே 1954-ல்தான்.

இந்தப் பைன் சாமானியப்பட்டதல்ல. பட்டை தடிமன், தீயில் கருகினாலும் அடிமரத்திலிருந்தே துளிர்க்கும். 2021 செப்டம்பர் 19-ல் வெடித்த எரிமலை 85 நாள் கக்கியது. 1,200 ஹெக்டேருக்கு மேல் லாவா மூடியது. ஆயிரத்துக்கும் அதிகமான கட்டடங்கள் போயின. பக்கத்துக் காட்டில் நச்சுப்புகையால் பழுத்து நின்ற பைன்கள் பிறகு மீண்டும் பச்சை விட்டன. லாவாவுக்கு அடியில் போன வீடும் வாழைத்தோட்டமும் அப்படித் துளிர்க்குமா?

அந்தப் பாதையில் நடக்கிறவர்கள் மரத்தின் மேல் ஒரு நிமிடம் கை வைத்துவிட்டுப் போகலாம். பாட்டிலில் உள்ள தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.