வாகீஸ்வரி கேமராவும் குவிய அமைப்பும்

வாகீஸ்வரி, ஆலப்புழையில் 1940களின் நடுப்பகுதியிலிருந்து தயாரிக்கப்பட்ட மரக் கேமரா. இசைக்கருவி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த கே. கருணாகரன் இதனை உருவாக்கினார். கலைமகளின் பெயர்களுள் ஒன்று இதற்கு இடப்பட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அக்காலத்தில் ஆலப்புழையைப் போலவே திருவிதாங்கூர் அரசில் இருந்தன. எனவே கன்னியாகுமரி மாவட்டத்தின் புகைப்பட வரலாற்றிலும் இக்கேமராவுக்கு இடம் உண்டு. கேமரா செய்வதில் கடினமான பகுதி லென்ஸை முன்பின் நகர்த்தி, சரியான தூரத்தில் நிறுத்தும் குவிய அமைப்பு. அதை உள்ளூர்க் கைவினையால் செய்ய முடியும் என்று காட்டியது வாகீஸ்வரி.

பின்னணி

சென்னையில் புகைப்படச் சங்கம் 1856இல் தொடங்கப்பட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீண்ட படமாக்கினார். அவர் பயன்படுத்திய எதிர்ப்படக் காகிதம் ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்டது. படத்தைப் பெரிதாக்கும் வசதி பரவாத காலத்தில், எந்த அளவில் படம் வேண்டுமோ அந்த அளவுக்குக் கேமராவும் பெரிதாக இருக்க வேண்டியிருந்தது.

பின்னர் ஊர் தோறும் ஸ்டூடியோக்கள் வந்தன. அவற்றில் 4¾ × 6½ அங்குல அரை பிளேட்டும், 6½ × 8½ அங்குல முழு பிளேட்டும் பழக்கத்தில் இருந்தன. கேமராக்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறக்குமதி சுருங்கியது. ஒரு கேமரா பழுதானால் அதைச் சரிசெய்ய உள்ளூர் ஆசாரியையும் கன்னாரையும் தேடிப் போகும் நிலை உண்டானது.

குவிய அமைப்பின் தேவை

பள்ளிப் பாடத்தில் வரும் லென்ஸ் சமன்பாடே இதற்கு அடிப்படை. பொருள் லென்ஸை நெருங்க நெருங்க, பிம்பம் லென்ஸிலிருந்து விலகிப் பின்னால் விழும். முழு பிளேட் கேமராவுக்கு ஏற்ற 300 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தொலைவில் தெரியும் மருத்துவாழ்மலையைப் படம் எடுக்கும்போது பிளேட் லென்ஸிலிருந்து 300 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். 10 மீட்டரில் நிற்கும் தேரை எடுக்க அது சுமார் 309 மி.மீ. ஆகும். 3 மீட்டரில் அமர்ந்திருக்கும் குடும்பத்தை எடுக்க 333 மி.மீ. வேண்டும். 2 மீட்டரில் இருக்கும் ஒருவரை எடுக்க 353 மி.மீ. வேண்டும். ஒரே லென்ஸ் 53 மி.மீ. நகர வேண்டியிருக்கிறது. அப்படி நகரும்போது சாயக் கூடாது, வெளிச்சம் உள்ளே கசியக் கூடாது, நிறுத்திய இடத்தில் அசையாமல் நிற்கவும் வேண்டும்.

மூன்று வழிகள்

இதற்கு மூன்று வழிகள் உருவாயின. முதலாவது, ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியைச் செருகி இழுப்பது. 1839இல் பாரிஸில் விற்பனைக்கு வந்த ஜிரூ கேமரா இந்த வகை. எளிய தச்சு வேலையே போதும். ஆனால் நுட்பமாக நகர்த்துவது கடினம்.

இரண்டாவது, பல்சட்டமும் பல்சக்கரமும். குமிழைத் திருகினால் சக்கரம் சுழன்று சட்டத்தை நகர்த்தும். 1840இல் பெட்ஸ்வால் கணக்கிட்டு, வியன்னாவில் ஃபாய்க்ட்லேண்டர் நிறுவனம் செய்த உருவப்பட லென்ஸின் பித்தளைக் குழலிலேயே இந்த அமைப்பு இருந்தது. 1850களில் துருத்தி கேமராவுக்குள் வந்தபின், பல்சட்டம் லென்ஸ் குழலிலிருந்து கேமராவின் அடிப்பலகைக்கு இறங்கியது. மரக் கேமராக்களில் நிலைத்த முறை இதுவே.

மூன்றாவது, திருகு வளையம். 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா போன்ற சிறிய கேமராக்களில் இது பரவியது. சாதாரண மரையில் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகர்ந்தால், 9 மி.மீ. நகர 9 சுற்றுகள் தேவை. ஆகவே ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பல மரைகளை வெட்டி, ஒரு சுற்றுக்குள் முழுத் தூரமும் நகரச் செய்வார்கள். இதற்குத் துல்லியமான கடைசல் இயந்திரம் வேண்டும். கைவினைப் பட்டறையில் இது எளிதல்ல.

ஆர்மோனியப் பட்டறையில் கேமரா

கருணாகரனின் தந்தை இசைக்கருவிகள் செய்தும் பழுது பார்த்தும் வந்தவர். உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவர் தம் கேமராவின் துருத்தி கெட்டுப்போனதால் அதைச் சரிசெய்ய இப்பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஆர்மோனியத்திலும் துருத்தி உண்டு என்பதே காரணம். ஆர்மோனியத் துருத்தியில் காற்று கசியக் கூடாது, கேமராத் துருத்தியில் வெளிச்சம் கசியக் கூடாது. அட்டையை மடிப்பதும், துணியையும் தோலையும் ஒட்டுவதும், மூலைகளை அடைப்பதும் இரண்டுக்கும் பொதுவான வேலைகள். பழுது பார்த்த அனுபவத்திலிருந்து கருணாகரன் முழுக் கேமராவையே செய்யத் தொடங்கினார். மரச் சட்டமும் துருத்தியும் பித்தளைப் பாகங்களும் பட்டறையில் உருவாயின. லென்ஸ் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது.

பல்சட்டத்தின் நுட்பம்

இவ்வகைக் கேமராவில் அடிப்பலகையின் இரு ஓரங்களிலும் பித்தளைப் பல்சட்டங்கள் பதிக்கப்படும். குறுக்கே செல்லும் ஓர் அச்சில் இரு சக்கரங்கள் இருக்கும். இரு பக்கமும் ஒரே அளவில் நகர வேண்டும் என்பதற்காகவே இந்த இரட்டை அமைப்பு. ஒரு பக்கம் பின்தங்கினால் லென்ஸ் சாய்ந்து, படத்தின் ஓரம் மங்கிவிடும். பற்கள் தளர்வாக இருந்தால் குமிழ் திரும்பியும் லென்ஸ் நகராது. இறுக்கமாக இருந்தால் சிறு அசைவு கொடுக்க முடியாது. சரியான இடம் கிடைத்ததும் நிறுத்துவதற்குத் தனித் திருகு இருக்கும்.

புகைப்படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, பின்புறமுள்ள தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக் குமிழைத் திருகுவார். பிறகு பிளேட் வைத்த சட்டத்தைச் செருகுவார். தேய்த்த கண்ணாடி இருந்த அதே தளத்தில் பிளேட் வந்து நிற்க வேண்டும். அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணால் பார்த்த தெளிவு படத்தில் வராமல் போகலாம்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் பகுதி இது. நன்கு உலராத மரம் ஈரத்தில் உப்பி, நகரும் பலகை சிக்கிக்கொள்ளும். தோலில் பூஞ்சை பிடிக்கும். எனவே மரத்தைத் தேர்ந்து பதப்படுத்துவதும் குவிய அமைப்பின் ஒரு பகுதியே.

பிற்காலம்

1956 நவம்பர் 1 அன்று நாஞ்சில் நாடு உள்ளிட்ட தென் திருவிதாங்கூர்ப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆலப்புழை கேரளத்தில் அமைந்தது. ஸ்டூடியோக்களில் சுருள் படக் கேமராக்களும் பின்னர் வண்ணப் படங்களும் பெருகியதால் பிளேட் கேமராவின் தேவை குறைந்தது. வாகீஸ்வரியின் தயாரிப்பு 1980களில் நின்றது.

இன்றும் பெரிய அளவுக் கேமராவைத் தாமே செய்ய முயல்வோர் உண்டு. 90 மி.மீ. லென்ஸுக்கு 1 மீட்டர் வரை குவியப்படுத்த ஏறத்தாழ 9 மி.மீ. நகர்வு போதும். பழைய லென்ஸ் ஒன்றிலிருந்து கழற்றிய திருகு வளையமே இதற்கு உதவும். வளையத்தின் உள்விட்டம் லென்ஸின் பின்பகுதியைவிடப் பெரிதாக உள்ளதா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். 300 மி.மீ. லென்ஸ் என்றால் அந்த வளையம் போதாது. அப்போது துருத்திக்கும் பல்சட்டத்துக்கும் திரும்பத்தான் வேண்டும். கெட்டுப்போன துருத்தி ஒன்று ஆர்மோனியப் பட்டறைக்கு வந்தபோது கருணாகரன் கையில் எடுத்த வேலை அதுவே.