பதிப்பாசிரியரின் கூலி

கலாநிதிப் பட்டம் பெற்றவனுக்குப் பல்கலைக்கழக ஆசனம் காத்திருக்கும் என்னும் நம்பிக்கை பொய்த்துவரக் காண்கிறோம். மொழியும் மெய்யியலும் பயின்றோர் பலர் பிறர் எழுதியவற்றைத் திருத்திப் பிழைக்கின்றனர். இது நம் காலத்துக்கே உரிய அவலம் எனக் கருதுவோர் மாக்ஸ் முல்லரின் வரலாற்றைச் சற்று நோக்குதல் தகும்.

ஜேர்மனியின் டெசா நகரிலே 1823இற் பிறந்த முல்லர், நான்கு வயது நிறையுமுன்னரே கவிஞரான தந்தையை இழந்தவர். 1843இல் ஸ்பினோசாவின் அறவியலை ஆராய்ந்து லைப்சிக் பல்கலைக்கழகத்திற் கலாநிதியானார். பட்டம் சோறு போடவில்லை. 1845இற் பாரிஸ் சென்றவர், பேராசிரியர் பர்னூவின் தூண்டுதலால் இருக்கு வேதத்தைச் சாயணர் உரையோடு பதிப்பிக்கத் துணிந்தார்; வயிற்றுப்பாட்டுக்காகவோ பிறருக்குச் சுவடிகளைப் படியெடுத்துக் கொடுத்தார்.

மறு ஆண்டு இலண்டன் சேர்ந்தார். பிரஷ்யத் தூதர் புன்சன், சமஸ்கிருத அறிஞர் வில்சன் ஆகியோரின் முயற்சியால் 1847இற் கிழக்கிந்தியக் கும்பினி பதிப்புச் செலவை ஏற்றது. வணிகத்துக்கு வந்து நாடு பிடித்த கும்பினி வேதத்தை அச்சேற்றியது கல்வியின்மேற் கொண்ட காதலால் மட்டுமே என்று நாம் நம்பவேண்டியதில்லை. ஆளப்படுவோரின் நூலை அறிதல் ஆள்வோருக்கு ஆதாயம். ஆயினும் அப்பணமின்றி அவ்விளைஞர் அப்பணியிலே தரித்திருத்தல் அரிது என்பதையும் மறுத்தற்கில்லை.

பணியோ எளிதன்று. எழுதுவோர் கைப்பிழைகள் மலிந்த சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்க வேண்டும். சாயணர் போகிற போக்கிற் குறிப்பிட்டுச் செல்லும் மேற்கோள் ஒவ்வொன்றும் எந்நூலது எனத் தேடவேண்டும்; அவற்றுட் பல அன்று அச்சேறாதவை. ஒரு வரிக்காக வேறொரு சுவடி முழுவதையும் துருவவேண்டிய நிலை. முதற்றொகுதி 1849இலும் ஆறாந்தொகுதி 1874இலும் வெளிவந்தன. இருபத்தைந்து ஆண்டுகள்!

இவ்வுழைப்பில் இன்னொருவருக்கும் பங்குண்டு. தியடோர் அவுபிரெக்ட், அவரும் ஜேர்மனியிற் கலாநிதிப் பட்டம் பெற்றவரே, 1852இல் ஒக்ஸ்போட் வந்து முல்லருக்கு உதவியாளராக உழைத்தார். நூலின் முகப்பிலே பதிப்பாசிரியராக நிற்பது முல்லரின் பெயர் ஒன்றே. கும்பினியின் கூலியாளராயிருந்தவருக்கும் ஒரு கூலியாளர் வாய்த்தார் என்பதைப் புகழ்மாலை சூட்டுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை.

வேதப்பதிப்புப் புகழ் தந்தது. விரும்பிய ஆசனத்தைத் தரவில்லை. 1860 டிசெம்பரில், ஒக்ஸ்போட்டின் போடன் சமஸ்கிருதப் பேராசிரியப் பதவிக்குப் பட்டதாரிகள் வாக்களித்தனர். மொனியர் வில்லியம்சுக்கு 833, முல்லருக்கு 610. இந்தியரைக் கிறித்தவராக்க உதவும்பொருட்டு கும்பினிப் படையதிகாரி ஒருவர் விட்டுச்சென்ற செல்வத்தால் அமைந்த பதவி அது. பிறநாட்டவர், சமயக் கொள்கையில் ஐயத்துக்குரியவர் என்னும் பேச்சுக்கள் புலமையிலும் வலியவாயின. 1868இல் ஒப்பியன் மொழிநூற் பேராசிரியரானார். 1879 முதல் வெளிவந்த, ஐம்பது தொகுதிகள் கொண்ட கீழைத்தேயப் புனித நூல் வரிசைக்கும் அவரே பொதுப்பதிப்பாசிரியர்.

அவுபிரெக்ட் 1862இல் எடின்பரோவிற் பேராசிரியரானார். பின்னர், சமஸ்கிருத நூல்களையும் ஆசிரியர்களையும் சுவடிப் பட்டியல்களிலிருந்து திரட்டி, 1891 முதல் 1903 வரை மூன்று பாகங்களாக ஒரு பேரட்டவணை வெளியிட்டார். அதன் முகப்பில் அவர் பெயர் இருக்கிறது.