நான்கில் ஒன்று

ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த பட்டியல் ஒன்று இன்னும் மறக்கவில்லை. வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் நான்கு: கொலை, சோதோமின் பாவம், ஏழைகளை ஒடுக்குவது, கூலிக்காரனின் கூலியை ஏய்ப்பது. திருச்சியில், என் பன்னிரண்டாம் வயதில், இரண்டாவது எது என்று வாத்தியார் விளக்கவில்லை. விளக்காததாலேயே அது என்னைப் பற்றியது என்று தெரிந்துவிட்டது. பல வருஷங்கள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அதைச் சொல்லாமல் எழுந்து வந்தேன். கூலி பாக்கி வைத்தவர்கள் முன்வரிசையில் நிம்மதியாக மண்டியிட்டிருந்தார்கள்.

நான்கில் ஒன்று மட்டும் பூதாகாரமானதற்குச் சரித்திரம் உண்டு. எசேக்கியேல் 16-ஆம் அதிகாரம் சோதோமின் குற்றமாகச் சொல்வது கர்வம், வயிறு நிறைந்த சோம்பல், எளியவனுக்குக் கைகொடாமை. அடுத்த வசனத்தில் அருவருப்பு என்ற பேச்சும் வருகிறது. அதை மறைத்து வாதாட நான் தயாரில்லை. ஆனால் ஒரு நகரத்தின் பெயர் படுக்கையின் பெயராக இறுகியது 11-ஆம் நூற்றாண்டில், பீட்டர் டாமியன் போன்ற துறவிகளின் கையில். 13-ஆம் நூற்றாண்டில் அக்குவினாஸ் அதை 'இயற்கைக்கு விரோதம்' என்று வகைப்படுத்தினார். 1533-இல் எட்டாம் ஹென்றி இந்தக் குற்றத்தை மதக் கோர்ட்டிலிருந்து அரசாங்கக் கோர்ட்டுக்கு மாற்றினான். 1860-இல் அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவாக இங்கே வந்தது, தண்டனை ஆயுள்வரை. கூலி ஏய்ப்பவனுக்கு அப்படியொரு பிரிவு யாரும் எழுதவில்லை.

ஜான் பாஸ்வெல்லின் 1980-ஆம் வருஷத்து நூல், இந்த விரோதம் சபையோடு கூடப் பிறந்ததல்ல என்று வாதாடியது. அவரும் கத்தோலிக்கர், என் ஜாதி. சான்றுகளைத் தன் விருப்பத்துக்கு வளைத்தார் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. இருந்தும், வெளியேறாமலே கேள்வி கேட்கலாம் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

எனக்கு ஸ்ரீரங்கத்தில் பாங்க் வேலை. பகல்பத்தின் பத்தாம் நாள் நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் எழுந்தருளுகிறார். "உம்மை வதைத்தது உம்ம மதம்தான்யா, எங்களிடம் இதெல்லாம் உண்டு" என்றார் ஒரு நண்பர். அலங்காரம் கோவிலோடு சரி. அவர் வீட்டில் பிள்ளைக்கு ஜாதகம் எடுத்தாயிற்று.

2018 செப்டம்பர் 6 அன்று சுப்ரீம் கோர்ட், வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவை 377-இலிருந்து விலக்கியது. கோவாவின் உடை வடிவமைப்பாளர் வெண்டெல் ரோட்ரிக்ஸ் அதற்கு வெகுமுன்பே, 2002-இல், ஜெரோம் மாரெலோடு தன் உறவைப் பிரெஞ்சுச் சட்டப்படி பதிவு செய்தவர். 2020 பிப்ரவரியில் அவர் இறந்தபோது கோல்வாலே கிராமத்துக் கோவில் அவருக்கு இடம் தந்தது. 2023 டிசம்பரில் வத்திக்கான், கல்யாணச் சடங்குபோல் ஆகாதபடி, எங்களைப் போன்ற ஜோடிகளை ஆசீர்வதிக்கலாம் என்றது. 1992-இன் ஞானோபதேசத்தில் சோதோம் அப்படியே இருக்கிறது, கூலியும் இருக்கிறது.

மறுபடி ஒருநாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நகைக்கடன் கவுண்டரில், வட்டி கட்ட ஒரு வாரம் தவணை கேட்ட கிழவியிடம் எரிந்து விழுந்ததைச் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லவில்லை. இம்முறை மறைத்ததாக நினைக்கவில்லை.