தந்தையரின் விசுவாசம் (கண்டிக் கத்தோலிக்கர்)

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகளின் ஞானவளர்ப்பில் தந்தைக்குரிய ஸ்தானம் எத்தகையது என்பதற்குக் கண்டி இராச்சியத்துக் கத்தோலிக்கரின் சரித்திரமே தக்க பிரமாணமாகும். 1658-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை இலங்கையினின்று அகற்றிக் குருமாரையும் விலக்கியபின், கண்டி நகரிலும், போர்த்துக்கேயர் வழிவந்தோர் வாழ்ந்த, இன்றைய மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையிலும், பூசையும் பாவசங்கீர்த்தனமும் அரிதாகிப்போன நெடுங்காலத்தில் வேதம் அழியாது நின்றமைக்கு வீட்டுச் செபமும் அதனைக் கைவிடாத பெற்றோருமே முதற்காரணர் எனக் கொள்ளல் தகும்.

1692-இல் கண்டிக்கு வந்து, போர்த்துக்கேய ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறைவைக்கப்பட்ட புனித யோசப் வாஸ் அடிகளார், இதனை நன்குணர்ந்தவராய், குருவானவர் இல்லாத ஊர்களில் மூப்பர், அண்ணாவியார் என்னும் இல்லறத்தாரைக் கொண்டே செபமும் வேதபாடமும் நடைபெறச் செய்தார். 1711-இல் கண்டியிலேயே மரித்தார். அவருக்குத் துணைவந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றிய நூல்கள் இப்பணிக்குப் பேருதவியாயின.

அந்தியில் விளக்கேற்றியதும் தந்தை முழந்தாளிட்டுச் செபத்தின் முற்பகுதியைச் சொல்ல, தூக்கம் கண்ணைச் சுழற்றினும் பிள்ளைகள் பிற்பகுதியை ஒருமித்துச் சொல்லும் செபமாலை வழக்கம் கத்தோலிக்க இல்லங்களில் இன்றும் உண்டு. அன்னையரின் பங்கு இதில் சிறிதன்று. எனினும், வயலிலும் தோட்டத்திலும் உழைத்துக் களைத்துவந்த தகப்பனே முதலில் முழந்தாளிடுவதைக் காணும் பிள்ளை, எழுத்தறியுமுன்பே வேதத்தை அறிந்துகொள்கிறது.