'நீ என்ன பெரிய தாராசிங்கா?' – கிங்காங்குடன் மோதியது நிஜச் சண்டையா?

சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வம்புக்கு நிற்கிற பையனைப் பார்த்துப் பெரியவங்க, "நீ என்ன பெரிய தாராசிங்கா?" என்று கேட்டால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. யார் இந்த தாராசிங்?

யார் இவர்கள்?

1928-ல் பஞ்சாப் கிராமம் ஒன்றில் பிறந்தவர் தாராசிங். சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன இடத்தில் தொழில்முறை மல்யுத்தத்துக்கு வந்தார். கிங்காங்கின் நிஜப் பெயர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர். எடை சுமார் 180 கிலோ. 1950-களில் அந்த உடம்பை தாராசிங் தூக்கிச் சுற்றிய காட்சிக்குத்தான் கூட்டம் அலைமோதியது.

நிஜமா, நாடகமா?

இது ஒலிம்பிக் மல்யுத்தம் அல்ல. தொழில்முறை குஸ்தியில் யார் ஜெயிப்பது என்பதைப் பெரும்பாலும் முன்பே பேசி வைத்துவிடுவார்கள். பிரிட்டனிலும் இதே கதைதான். ஐடிவியில் சனிக்கிழமை மதியம் பிக் டாடி, ஜெயன்ட் ஹேஸ்டாக்ஸ் மோதலைக் குடும்பமே உட்கார்ந்து பார்த்தது. 1988-ல் அது நின்றது.

அப்போ எல்லாமே பொய்யா? இல்லை. முடிவுதான் பேசி வைத்தது. தூக்குகிற எடையும், விழுந்தால் வலிப்பதும் நிஜம்.

பிறகு என்ன ஆனது?

கார் விபத்தில் காயமடைந்த கிங்காங் 1970-ல் சிங்கப்பூரில் இறந்தார். தாராசிங் 1968-ல் மும்பையில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வீழ்த்தினார். 1983-ல் ஓய்வு பெற்றார். 1987-ல் தூர்தர்ஷன் 'ராமாயணம்' தொடரில் அனுமனாக வீட்டுக்குள்ளேயே வந்தார். 2012 ஜூலை 12-ல் காலமானார். குஸ்தியைப் பார்க்காத தலைமுறைக்கும் அவர் முகம் அப்படித்தான் பழக்கமானது.