வல்லாளன் குதிரைகளும் ஜட்கா வண்டிப் புல்லும்



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "கோயிலைப் பத்தியோ கிரிவலத்தைப் பத்தியோ எழுதிக் குடுங்க சார்" என்றார்கள். அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே பலர் உண்டு. நான் குதிரையைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

கார்த்திகை தீபத்தையொட்டி நம் ஊரில் கூடும் மாட்டுச் சந்தையில் குதிரைகளும் விலைக்கு வருவது உங்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு வெள்ளைக் குதிரையைப் பார்த்தேன். விலா எலும்பு தெரிந்தது, மயிரில் மினுமினுப்பு இல்லை. முன்னால் வைத்த கொள்ளை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தது. "ரெண்டு வேளையும் கொள்ளு வேக வச்சுத்தான் போடறேன் சார். திங்க மாட்டேங்குது. வாரு இழுத்துக் கட்டப் போனா கடிக்க வருது. எல்லாம் திமிரு" என்றார் உரிமையாளர். உடன் வந்திருந்த நண்பர் கால்நடை மருத்துவர். அவர் சிரிக்கவில்லை. "திமிரு இல்லீங்க, வயித்துப் புண்ணா இருக்கும். ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றார். குதிரைக்கு வயிற்றுப் புண் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டுக்கு வந்து, படித்த வரலாற்று நூல்களை மறுபடி புரட்டியபோது பழைய செய்திகள் பல புதிதாகப் புரிந்தன.

குதிரை நம் மண்ணுக்குக் கடல் வழியாக வந்த செல்வம். காவிரிப்பூம்பட்டினத்தில் நீரின் வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. திருவண்ணாமலையில் திருவெம்பாவை பாடியதாகப் போற்றப்படும் மாணிக்கவாசகரின் வரலாறே பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன கதைதான். நரி பரியானது, பரி நரியானது என்ற திருவிளையாடலை நாம் பக்தியோடு கேட்கிறோம். அரசன் குதிரைக்காகக் கருவூலத்தையே திறந்துவிட்ட காலம் ஒன்று இருந்தது என்ற செய்தியும் அதற்குள் இருக்கிறது.

அந்தக் காலத்தை நேரில் கண்டவர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. 1292-93 வாக்கில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த அவர் ஒரு வேதனையான கணக்கைத் தருகிறார். இங்கு ஆண்ட சகோதரர்கள் ஐவரும் ஆளுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் ஆண்டுதோறும் வாங்கினார்களாம். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததே காரணம் என்கிறார். குதிரைக்கு மாமிசம் சேர்த்து வேகவைத்த சோற்றைப் போட்டார்கள் என்றும் எழுதுகிறார். லாடம் அடித்து வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்களை வணிகர்களே இங்கு வரவிடாமல் தடுத்தார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம்!

பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், விற்ற நாட்டின் பக்கமிருந்து எழுதியவர். ஆண்டுக்கு 1,400 குதிரைகள், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று ஒப்பந்தம் இருந்ததையும், வழியில் கடலில் மாண்ட குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்ததையும் அவர் குறிப்பிடுகிறார். இங்கே வறுத்த தானியத்தில் வெண்ணெய் சேர்த்துக் கொடுத்தார்கள், காய்ச்சிய பசும்பால் புகட்டினார்கள், கொழுக்க வேண்டும் என்று நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப் போட்டார்கள், பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் திடீரென்று ஏறி விரட்டினார்கள் என்பது அவர் தரும் செய்தி. காற்றாய்ப் பறந்த குதிரை கொஞ்ச நாளிலேயே சோர்ந்து உதவாமல் போனதாம்.

இவற்றையெல்லாம் நண்பரிடம் படித்துக் காட்டினேன். "இன்னைக்குப் புண்ணு வர்றதுக்கு நாங்க என்னென்ன காரணம் சொல்றோமோ, அதுல பாதி இதுல இருக்கே!" என்றார். அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன்.

குதிரை நாளின் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருக்கப் பிறந்த பிராணி. உடம்பைப் பார்க்க அதன் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். நமக்குச் சாப்பாட்டை ஒட்டி அமிலம் அதிகமாகச் சுரக்கிறது. குதிரைக்கோ இரவும் பகலும், தின்றாலும் தின்னாவிட்டாலும், சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். ஆனால் குதிரைக்கு மெல்லும்போது மட்டுமே உமிழ்நீர் ஊறும். ஒரு கிலோ காய்ந்த புல்லை மெல்லச் சுமார் 40 நிமிடம் ஆகும். அதே எடைத் தானியத்தைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிடும். மேலும் இரைப்பையின் மேற்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு கிடையாது. வெறும் வயிற்றோடு ஓட விட்டால் அமிலம் மேலே தெறித்து அந்த இடத்தைப் புண்ணாக்குகிறது. ஓட்டப் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் இருப்பதை உள்நோக்கிக் குழாய் விட்டுக் கண்டிருக்கிறார்கள். பட்டினி போட்டுப் போட்டு ஊட்டினால் சில நாட்களிலேயே புண் வருவதை 1990களில் ஆய்ந்து காட்டினார்கள்.

பாண்டியன் குதிரைகள் எல்லாம் வயிற்றுப் புண்ணால்தான் மாண்டன என்று நான் சொல்ல வரவில்லை. வயிற்றுப் புண் மட்டுமே குதிரையைக் கொல்வது அரிது. தானியம் மிகுந்து வரும் வயிற்று வலி, குளம்பு நோய், கடற்பயணம், நம் ஊர் வெயில் எல்லாம் சேர்ந்திருக்கும். ஆனால் ஒன்று நிச்சயம். அந்தக் குதிரைகளுக்குக் குறைந்தது செல்லமல்ல. புல்லும், நடையும், விஷயம் தெரிந்த ஆளும்தான்.

நம் ஊர் வல்லாள மகாராஜாவின் கதையிலும் புல் வருகிறது. திருவண்ணாமலையைத் தன் தலைநகரங்களுள் ஒன்றாகக் கொண்டவர் போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளன். கோயிலில் வல்லாள கோபுரம் இன்றும் அவர் பெயர் சொல்லி நிற்கிறது. 1342இல், எண்பது வயதில், கண்ணனூர்க் கொப்பத்தில் மதுரை சுல்தானின் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். பின்னர் மதுரைக்கு வந்த இபின் பதூதா நடந்ததை எழுதியிருக்கிறார். மன்னர் தற்காலிக அமைதிக்கு இணங்கியிருந்த நேரம். நடுப்பகலில் வீரர்கள் கண்ணயர்ந்திருந்தார்கள், குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. அப்போது மதுரைப் படை பாய்ந்தது. மன்னர் பிடிபட்டார். அவருடைய பொருளையும் யானை குதிரைகளையும் பறித்துக்கொண்ட பிறகு கொன்றார்கள். அவர் தோலில் வைக்கோலைத் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தாம் பார்த்ததாக இபின் பதூதா கூறுகிறார். பிள்ளையில்லாதவர் என்று கதை சொல்லும் அந்த மன்னருக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கிறார். குதிரையை மேய விட்டது குற்றமில்லை, எதிரியின் சொல்லை நம்பிக் காவலை மறந்ததே குற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வயிற்றுப் புண் உள்ள குதிரையை எப்படிப் பார்த்துக்கொள்வது? நண்பர் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன். புல் எப்போதும் எதிரில் இருக்க வேண்டும். நம் நாட்டு மட்டக் குதிரைக்கு, 300 கிலோ எடை என்றால், நாளுக்கு 5, 6 கிலோ காய்ந்த புல்லாவது வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது. கொள்ளு, தானியத்தைக் குறைத்து, சிறு சிறு பங்காக, புல் தின்ற பிறகே கொடுக்க வேண்டும். குதிரைமசாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அமிலத்தைத் தணிக்கும். பெயரிலேயே குதிரை இருக்கிறது பாருங்கள்! வண்டியில் பூட்டுமுன் ஒரு பிடி புல்லாவது போட வேண்டும். நாளெல்லாம் கட்டிப் போடாமல் அவிழ்த்து விட வேண்டும், கூட இன்னொரு குதிரை இருந்தால் நல்லது. வலி மாத்திரையை நாமாகக் கொடுத்தால் புண் இன்னும் மோசமாகும். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மருந்து உண்டு, அதை மருத்துவர் சொல்லும் அளவில் சொல்லும் நாள் வரை கொடுக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு ஜட்கா வண்டிகள்தான் நினைவுக்கு வந்தன. நம்மில் மூத்தவர்கள் ஸ்டேஷனில் இறங்கி டிரங்குப் பெட்டியோடு ஜட்காவில் ஏறியது மறந்திருக்காது. உள்ளே பலகை மேல் புல்லைப் பரப்பி அதன்மேல் சாக்கு விரித்திருப்பார்கள். மெத்தைக்குத்தான் புல் என்று நினைத்திருந்தோம். சவாரி இறங்கியதும் வண்டிக்காரர் அதிலிருந்தே ஒரு பிடி உருவிக் குதிரைக்குப் போடுவார். அடுத்த சவாரி வரும்வரை அது மென்றுகொண்டே நிற்கும். எல்லா வண்டிக் குதிரையும் சுகமாக வாழ்ந்தது என்று சொல்ல முடியாது, சாட்டையடியும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் 220 பொன் கொடுத்து வாங்கியவர்களுக்குப் பிடிபடாத ஒன்று அந்த ஏழை வண்டிக்காரருக்குக் கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது.

தம்பி தங்கைகளே, வருகிற தீபத்துக்குச் சந்தைப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். கொள்ளைக் கண்டு முகம் திருப்பும் குதிரை எதிர்ப்பட்டால், "திமிருன்னு அடிக்காதீங்கண்ணே, முதல்ல கொஞ்சம் புல்லு போட்டுப் பாருங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எழுநூறு ஆண்டுகளாக நாம் அந்தப் பிராணிக்குப் பட்ட கடனில் ஒரு பிடியாவது தீரட்டும்.